உள்நாட்டு விமானத்தில் சாப்பாடு, தண்ணீர், டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி, கோவை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணங்களைப் பற்றிய கேள்விகள் இவை. அடிக்கடி பறப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். முதன்முறையாக விமானம் ஏறும் அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா ஆகியோருக்காகத்தான் முக்கியமாக எழுதியிருக்கிறேன். வழியனுப்பும் பிள்ளைகள் இதைப் படித்து அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

டிக்கெட் விலையிலேயே சாப்பாடு அடக்கமா?

விமான நிறுவனத்தையும், நீங்கள் எடுத்த கட்டண வகையையும் பொறுத்தது. இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களில் சாதாரண டிக்கெட்டுக்குச் சாப்பாடு கிடையாது. முன்கூட்டியே பதிவு செய்யலாம், அல்லது உள்ளே காசு கொடுத்து வாங்கலாம். அதே நிறுவனங்களின் கூடுதல் கட்டண டிக்கெட்டுகள் சிலவற்றில் சிற்றுண்டி சேர்ந்தே வரும். ஏர் இந்தியாவில் சாப்பாடோ சிற்றுண்டியோ டிக்கெட்டோடு வருகிறது.

குழப்பம் பெரும்பாலும் ஏஜென்ட் மூலமோ அலுவலகம் மூலமோ எடுத்த டிக்கெட்டில்தான். உங்களுக்குச் சிற்றுண்டி உண்டு என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். டிக்கெட்டில் ‘மீல்’ அல்லது ‘ஸ்நாக்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். யார் யாருக்கு உணவு உண்டு என்ற பட்டியல் இருக்கை எண்ணோடு பணிப்பெண்களின் கையில் இருக்கும். நீங்கள் இருக்கை மாறி உட்கார்ந்திருந்தால், அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பெல்லாம் எல்லோருக்கும் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் ஏறி உட்கார்ந்ததும் தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் வரும், பிறகு உணவுத் தட்டு வரும். 1990களின் தொடக்கத்தில் ஜெட் ஏர்வேஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் வந்தபோது, யார் நன்றாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதே ஒரு போட்டியாக இருந்தது. 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான்தான் கணக்கை மாற்றியது. இருக்கைக்கு மட்டும் காசு, மற்றதெல்லாம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 2006-இல் வந்த இண்டிகோவும் இலவசச் சாப்பாடு இல்லாமலேயே வளர்ந்து, இன்று நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாக இருக்கிறது. இலவசமாகப் பரிமாறிய கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு வேண்டாத சாப்பாட்டின் விலையை டிக்கெட்டில் சேர்க்காமல் விட்டதும், பேருந்திலும் ரயிலிலும் மட்டுமே போய்க்கொண்டிருந்த பல குடும்பங்கள் விமானம் ஏற ஒரு காரணம். ஆனால் என்ன உண்டு, என்ன இல்லை என்பதைப் பயணிக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது இன்னும் சரியாக நடக்கவில்லை.

சென்னை–பெங்களூரு விமானத்தில் காசு கொடுத்தாலும் எதுவும் கிடைக்கவில்லை. ஏன்?

நேரம்தான் காரணம். கால அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போட்டிருந்தாலும், அது விமானம் இங்கே நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரையுள்ள நேரம். வானில் இருப்பது முக்கால் மணி நேரம் போலத்தான். மேலே ஏறும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பணிப்பெண்களும்தான். இறங்கத் தொடங்கியதும் தள்ளுவண்டியை உள்ளே பூட்டி, குப்பையைச் சேகரித்து, எல்லோருடைய தட்டுப்பலகையும் மூடியிருக்கிறதா, இருக்கை நிமிர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது பதினைந்து, இருபது நிமிடங்கள்.

இனி ஆள் கணக்கைப் பாருங்கள். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது குறைந்தபட்ச விதி. 186 இருக்கை உள்ள ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நான்கு பேர். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் விமானத்தில் 78 இருக்கை, பணியாளர் இரண்டே பேர். இந்த நான்கு பேரோ இரண்டு பேரோ அந்தச் சில நிமிடங்களில் முன்பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்து, பிறகு விற்று, சில்லறை கொடுத்து, குப்பையும் வாங்க வேண்டும். நடுவில் காற்று கொஞ்சம் குலுக்கினால் சீட் பெல்ட் விளக்கு எரியும், வண்டி நின்றுவிடும். பின்வரிசையில் இருப்பவருக்கு வண்டி வந்து சேராமலே விமானம் இறங்கிவிடுவது இப்படித்தான்.

அவர்கள் முதலில் பாதுகாப்புப் பணியாளர்கள். புகை வந்தால் என்ன செய்வது, தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரையும் எப்படி வெளியேற்றுவது, மூச்சு நின்றவருக்கு என்ன முதலுதவி என்பதில்தான் அவர்களுக்குப் பயிற்சி. டீ பரிமாறுவது அதற்குப் பிறகுதான். தாமதமானால் அவர்களிடம் கோபப்படுவது நியாயமில்லை.

அப்படியானால் முன்பதிவு செய்வது நல்லதா?

ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் சாப்பாட்டு வேளை வந்தால், ஆம். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள், விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். உள்ளே விற்பது இருப்பைப் பொறுத்தது. உங்கள் வரிசைக்கு வருவதற்குள் சைவ சாண்ட்விச் தீர்ந்துபோவது சாதாரணம்.

ஒரு மணி நேரப் பயணம் என்றால் முன்பதிவு வேண்டாம் என்பது என் கருத்து. கையில் வாங்கிப் பிரித்து நாலு வாய் சாப்பிடுவதற்குள் தட்டுப்பலகையை மூடச் சொல்வார்கள்.

உள்ளேதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு கார்டும் கொஞ்சம் ரூபாய்த் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே செல்போன் சிக்னல் இருக்காது, ஜிபேயை நம்பி ஏறாதீர்கள்.

தண்ணீருக்கும் காசு உண்டா?

பாட்டில் தண்ணீர் விலைக்கு. குடிக்க ஒரு கப் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தொண்டை வறள உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். தலைக்கு மேலே ஆள் உருவம் போட்ட பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் வருவார்கள். மாத்திரை போட வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று தமிழிலேயே சொல்லலாம். சொல் புரியாவிட்டாலும் மாத்திரையைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

இன்னும் நல்லது, காலி பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கும். அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாமா? யாராவது ஏதாவது சொல்வார்களா?

தாராளமாகக் கொண்டுபோகலாம். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டு போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஸ்கேனரில் பையை விடும்போது அதுவும் போய் வரும், அவ்வளவுதான். இதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் இருநூறு, முந்நூறு கொடுத்து வாங்கிய குளிர்ந்த ரொட்டியைவிட உங்கள் கட்டுசாதம் நல்ல உணவு.

என் சிபாரிசு புளியோதரை, மிளகாய்ப்பொடி இட்லி, எலுமிச்சை சாதம், சப்பாத்தி. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு போல வழியக்கூடிய எதையும் தவிர்த்துவிடுங்கள். சோதனையில் கேள்வி கேட்பார்கள், கேட்காமல் விட்டாலும் பையில் கொட்டும். தயிர்சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து, இறுக்கமான டப்பாவில் போட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனாலும் எதை உள்ளே விடுவது என்பதில் சோதனை அதிகாரியின் முடிவே இறுதி. கருவாடு, முட்டை போல மணம் தூக்கலான பண்டங்களை அந்த அடைத்த அறைக்குள் பிரிக்காமல் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது.

சூடுபண்ணித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து வந்த உணவை அவர்கள் சூடுபடுத்தித் தருவதில்லை. மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் அடுப்பே கிடையாது. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே வெந்நீர் ஊற்றிக் கிளறும் உப்புமா, நூடுல்ஸ் வகைகள் அதிகம்.

ஊறுகாய், தேங்காய், நெய்?

மிளகாய் ஊறுகாய் கைப்பையில் வேண்டாம், பிடுங்கி வைத்துவிடுவார்கள். நன்றாகச் சுற்றி செக்-இன் பெட்டியில் வையுங்கள். நெய்யும் அப்படியே.

தேங்காயில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கொப்பரையில் எண்ணெய் அதிகம், அது தானாகவே சூடேறித் தீப்பற்றும் வகைப் பொருளாகக் கருதப்படுகிறது. 2022 மார்ச்சில் அதைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் சேர்த்தார்கள். முழுத் தேங்காய்க்கும் கைப்பையில் வழக்கமாக அனுமதி இல்லை. சபரிமலை போகிறவர்களுக்காக 2024 அக்டோபரில் ஒரு விலக்கு தந்தார்கள். இருமுடிக்கட்டில் நெய்த்தேங்காயைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம் என்ற அந்த அனுமதி 2025 ஜனவரி 20 வரை இருந்தது. மாலை போட்டுக் கொச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பறக்கப்போகிறவர்கள், அந்த ஆண்டுக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டு நிறையுங்கள்.

விமானச் சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது?

சமையல்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம், ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதுபோல் வைக்கப்பட்டிருக்கும். ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி, அந்த அளவு. கூடவே காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு வறண்டால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பாதிச் சுவை போய்விடும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் லுஃப்தான்சாவுக்காகச் சோதித்தபோது, உப்பின் சுவை 20–30 சதவீதமும், இனிப்பின் சுவை 15–20 சதவீதமும் குறைவாகத் தெரிவதாகக் கண்டது. இன்ஜின் இரைச்சலும் சுவையைக் கெடுக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த அளவு இரைச்சலில் இனிப்பு மங்குவதும், தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள உமாமிச் சுவை தூக்கலாவதும் தெரியவந்தது.

இதோடு சமைக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. தாஜ்சாட்ஸ் போன்ற கேட்டரிங் நிறுவனங்களின் சமையற்கூடத்தில் பல மணி நேரம் முன்பே சமைத்து, உடனே 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, குளிர்ந்த நிலையிலேயே விமானத்தில் ஏற்றுகிறார்கள். கிருமி வளராமல் இருக்க இது கட்டாயம். மேலே போனதும் வெப்பக்காற்று அடுப்பில் சூடாக்குவார்கள். சாதம் விறைத்துப்போவதும், தோசை தோல்போல் ஆவதும் இதனால்தான். புளி, தக்காளி, மிளகு, பெருங்காயம் தூக்கலாக உள்ள நம் உணவுகள் அந்த உயரத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. உள்ளூர்க் கேட்டரிங்காரர்கள் சாண்ட்விச்சைக் குறைத்துப் புளியோதரையும் மிளகுப் பொங்கலும் அதிகமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று மனதார நினைக்கிறேன்.

டீ, காபி எப்படி இருக்கும்?

பொடி கலந்த பாக்கெட்டில் வெந்நீர் ஊற்றித் தருவது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் தேயிலைச் சாரமும் சரியாக இறங்காது. ஃபில்டர் காபி பிரியர்கள் கீழேயே குடித்துவிட்டு ஏறுவது நல்லது.

விமானம் குலுங்கும்போது சூடான பானம் தர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மடியில் கொட்டினால் கொப்பளிக்கும். குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள் டீ வாங்கவே வேண்டாம்.

மது கிடைக்குமா?

இந்திய உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை, பிசினஸ் வகுப்பிலும்கூட. சொந்தமாகக் கொண்டுவந்ததைக் குடிப்பதும் குற்றம். குடித்துவிட்டு வந்து ரகளை செய்பவருக்குப் பறக்கத் தடை விதிக்கும் விதி 2017-இல் வந்தது. வாய்த் தகராறுக்கு மூன்று மாதம் வரை, கை வைத்தால் ஆறு மாதம் வரை.

சைவம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சர்க்கரை நோய், ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன செய்வது?

பாக்கெட் உணவில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். தட்டில் வரும் சாப்பாட்டுக்குக் கேட்டே வாங்குங்கள். அரையிருட்டில் பனீரும் கோழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத ஜைன உணவு, சர்க்கரை நோயாளி உணவு போன்றவற்றை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பு. குறும்பயணங்களில் எல்லா வகையும் இருக்காது.

சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள் விமானச் சாப்பாட்டை நம்பி ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. விமானம் ஓடுதளத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் பரிமாற மாட்டார்கள், சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு மிட்டாயும் மேலே வைக்கும் பையில் அல்லாமல் சட்டைப்பையிலோ காலடியில் வைக்கும் சிறு பையிலோ இருக்கட்டும். இதைப் பெற்றோருக்கு இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள்.

முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஏறியதுமே பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவர் முந்திரி டப்பா வாங்கித் திறப்பதைத் தடுக்க முடியாது, ஆகவே உங்கள் மருந்து கையோடு இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு?

குழந்தைக்கான பால், கஞ்சி, வெந்நீர் எல்லாம் கொண்டுபோகலாம். சோதனையில் பாலை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். விமானம் இறங்கும்போது பால் கொடுத்தால் அல்லது எதையாவது சப்பக் கொடுத்தால் காது வலி குறையும். விழுங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகிவிடும். அந்தக் கால மிட்டாய்த் தட்டின் காரணமும் அதுதான். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, மேலே போனால் வயிற்றிலுள்ள வாயு கால் பங்குக்கும் மேல் விரியும். ஏறும் முன் சுண்டல், சோடா, கோலா வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் உப்புவதும், ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா குத்தியதும் பீய்ச்சி அடிப்பதும் இதே காரணத்தால்தான்.

விமான நிலையத்தில் ஒரு டீ இருநூறு ரூபாயாமே?

கடைக்குக் கடை மாறும், ஆனால் வெளியே விற்கும் விலையில் எதுவும் கிடைக்காது என்பது உண்மைதான். நாடாளுமன்றம்வரை போன புகார் இது. அதன் பிறகுதான் 2024 டிசம்பரில் கொல்கத்தாவில் மலிவு விலையில் டீ, சிற்றுண்டி விற்கும் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். சென்னை டி1 உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் 10, காபி 20, சமோசா 20, இனிப்பு 20 என்பது தொடக்க விலை. எங்கே இருக்கிறது என்று அங்கிருக்கும் ஊழியரைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான விமானத்தில் சாப்பாடே தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

இப்போது இல்லை. கொரோனா காலத்தில், 2021 ஏப்ரல் 15 முதல் அப்படித் தடை இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நீக்கிவிட்டார்கள்.

விமானம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டுமா?

ஆம். இது உங்கள் உரிமை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, பயண நேரம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் இலவசமாகத் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். சென்னையிலிருந்து மதுரையும் மும்பையும் முதல் வகை, டெல்லி இரண்டாம் வகை. நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. எவ்வளவு மலிவான டிக்கெட் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புயல், மூடுபனி என்றால் பண இழப்பீடு கேட்க முடியாது. சாப்பாடு வேறு, இழப்பீடு வேறு. இரண்டையும் குழப்பி ‘மழைக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று கவுன்டரில் சொன்னால், ‘நான் இழப்பீடு கேட்கவில்லை, தாமதத்துக்கான சிற்றுண்டி கேட்கிறேன்’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். தானாக வந்து கொடுப்பார்கள் என்று காத்திருந்தால் பல நேரம் வராது. பத்துப் பேர் சேர்ந்து மரியாதையாகக் கேட்டால் கூப்பன் வரும்.

தாமதத்தை எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு 2024 ஜனவரியில் ஒன்று நடந்தது. கோவாவிலிருந்து டெல்லி போன இண்டிகோ விமானம் மூடுபனியால் மும்பைக்குத் திருப்பப்பட்டது. பல மணி நேரம் காத்திருந்த பயணிகள் விமானம் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். விமானங்கள் நகரும் இடத்தில் மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடும் நிலை வந்திருக்கவே கூடாது.

உணவு கெட்டிருந்தால், அல்லது தர வேண்டியதைத் தராவிட்டால் எங்கே சொல்வது?

அங்கேயே, உடனே, பணிப்பெண்ணிடம் சொல்லி அவருடைய குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உணவையும், பாக்கெட்டில் உள்ள தேதியையும் படம் எடுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப்போடாதீர்கள். இறங்கியதும் நிறுவனத்தின் தளத்தில் புகார் பதிவு செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், மத்திய அரசின் ஏர்சேவா செயலியிலோ தளத்திலோ அதே படங்களோடு பதியலாம். உணவின் தரம் பற்றிய புகார் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யிடமும் போகலாம். பெற்றோர் தனியாகப் பயணம் செய்து வந்திருந்தால், அவர்கள் வீட்டுக்கு வந்த அன்றே விவரம் கேட்டு நீங்களே பதிந்துவிடுங்கள்.